ஓட முடியாத ரோபோவுக்குக் கணுக்கால் வைத்த கதை

என் மேசையில் இருக்கும் சிவப்புக் கார் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை. அதைப் பிரித்துத் திருப்பினால் சுமார் 14 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ரோபோ எழுந்து நிற்கும். சேகரிப்பாளர்கள் டீலக்ஸ் என்று சொல்கிற அளவு. கதையில் இந்த ரோபோ ஓட்டத்துக்குப் பேர்போனவன். பொம்மையோ விறைப்பாக நிற்பதைத் தவிர வேறெதற்கும் ஒத்துக்கொள்ளாது. காலைக் கொஞ்சம் அகட்டினால் பாதத்தின் ஓரம் மட்டும் தரையில் பட்டு நழுவும். முழங்கால் பாதியில் நின்றுவிடும். இடுப்பு திரும்பாது. தலை இடமும் வலமும் திரும்பும், நிமிராது. இவனை ஓடுகிற நிலையில் நிறுத்திவைக்க வேண்டும், அதே சமயம் மறுபடி காராகவும் மாற வேண்டும் என்ற ஆசையில் வேலையில் இறங்கினேன். இரண்டும் நடந்தன. எப்படி என்று எழுதி வைக்கிறேன், இதே ஆசை உள்ள யாருக்காவது உதவும்.

உருமாறும் பொம்மையில் எல்லோரும் மூட்டுகளை எண்ணுவார்கள். நான் பாதத்தைப் பார்க்கச் சொல்வேன். தோளிலும் முழங்கையிலும் எத்தனை மூட்டு இருந்தாலும் பாதம் தரையில் முழுதாகப் படியாவிட்டால் பொம்மை நேராக மட்டுமே நிற்கும். மேலே உள்ள அத்தனை மூட்டும் பயன்படாமல் கிடக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கே வெட்டுவது, எங்கே கைவைக்காமல் விடுவது என்று எனக்குத் தெளிவாயிற்று.

பழைய பொம்மைகள் விறைப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980-இல் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. 1982-இல் அதில் கார்கள் ரோபோவாக மாற ஆரம்பித்தன. காந்தப் பாதம் வைத்த ஒரு குட்டி ஓட்டுநர் அந்தக் கார்களுக்குள் உட்காருவார். அவருக்கு இருக்கை வேண்டும், கதவு திறக்க வேண்டும், கார் நிஜக் காராகத் தெரிய வேண்டும். ரோபோவின் கைகால் அசைவு அதற்கெல்லாம் பின்னால்தான். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அந்தப் பொம்மைகளையும் டகாராவின் வேறொரு வரிசையையும் சேர்த்து 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று கொண்டுவந்தது. 1996-இல் விலங்குகளாக மாறும் பீஸ்ட் வார்ஸ் வரிசை வந்தபோதுதான், கிண்ணத்துக்குள் பந்து சுழலும் பந்துக்கிண்ண மூட்டு தாராளமாகப் புழங்கத் தொடங்கியது. விலங்கின் காலும் வளைய வேண்டும், ரோபோவின் காலும் வளைய வேண்டும் என்பதால் அது இயல்பாகவே பொருந்தியது. 2003-இல் மாஸ்டர்பீஸ் என்ற விலை உயர்ந்த வரிசை வந்தது. பக்கவாட்டில் சாயும் கணுக்காலும் திரும்பும் இடுப்பும் சின்ன அளவுப் பொம்மைகளிலும் வழக்கமானது டிரான்ஸ்ஃபார்மர்ஸின் சீஜ் வரிசைக்குப் பிறகு, அதாவது 2019 வாக்கில். என் சிவப்புக் கார் அதற்கு முந்தையது. ஆகவே அதில் இல்லாததை நானே வைக்க வேண்டியிருந்தது.

வெட்டுவதற்கு முன் பார்ப்பதுதான் பாதி வேலை. பொம்மையைக் காரிலிருந்து ரோபோவாகவும் ரோபோவிலிருந்து காராகவும் மெதுவாக மாற்றுங்கள். ஒவ்வொரு நிலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எதன் மேல் படிகிறது, எந்தக் கொக்கி எந்தத் துளையில் பூட்டுகிறது என்பதைக் குறித்துவையுங்கள். உருமாறும் பொம்மையில் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு வேலை. காலாக இருக்கும்போது தேவையில்லாததாகத் தெரியும் ஒரு சின்ன முளைதான் காராக இருக்கும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை அரத்தால் தேய்த்துவிட்டால் கார் வாய் பிளந்து நிற்கும்.

பார்த்து முடித்தபின் ஒவ்வொரு மூட்டையும் மூன்று வகையில் ஒன்றாகப் பிரித்தேன். தளர்ந்துபோன மூட்டு, ஏதோ தடுப்பதால் பாதியில் நிற்கும் மூட்டு, அறவே இல்லாத மூட்டு. இந்த வரிசையிலேயே வேலை செய்வது நல்லது. ரம்பத்தை எடுக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் தளர்ச்சியையும் தடையையும் சரிசெய்ததிலேயே என் பொம்மை பாதி மாறிவிட்டது.

தளர்ச்சிதான் சுலபமானது. என் பொம்மையின் தொடை, இடுப்போடு சேரும் இடத்தில் பந்துக்கிண்ண மூட்டில் தொங்குகிறது. கிண்ணத்துக்குள் பந்து உரசுகிற உரசல்தான் காலைப் பிடித்து நிறுத்துகிறது. வருஷக்கணக்கில் அசைத்ததில் பிளாஸ்டிக் தேய்ந்து பிடிப்பு போய்விடும். பந்தை நேராக இழுத்தால் கழன்றுவரும். அதன்மேல் ஃபெவிக்விக்கை மெல்லிய படலமாகத் தடவி நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் பொருத்த வேண்டும். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. சென்னைக் காற்றில் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே இன்னும் ஈரமிருக்கும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பொருத்துங்கள். போதவில்லை என்றால் இன்னொரு படலம். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் கிண்ணம் விரிந்து வெடிக்கும். பசைக்குப் பயந்தவர்கள் நிறமில்லாத அக்ரிலிக் வார்னிஷைப் பயன்படுத்தலாம், பிடிப்பு கொஞ்சம் குறைவு, ஆபத்தும் குறைவு. நெயில் பாலிஷ் போடுகிறவர்களும் உண்டு. அதிலிருக்கும் கரைப்பான் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கக்கூடியது, அதனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

ஸ்க்ரூ போட்ட மூட்டு தளர்ந்திருந்தால் முதலில் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள். தீராவிட்டால் பிரித்து, அச்சின்மேல் குழாய் வேலைக்குப் போடும் டெஃப்ளான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். உலோக ஊசி அடித்த கீல் மூட்டில் ஊசியின் ஒரு முனையில் மட்டும் சின்னச் சின்ன வரிப்பற்கள் இருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் பற்கள் இல்லாத முனையிலிருந்து தட்டுங்கள். எதிர்ப்பக்கமிருந்து தட்டினால் அந்தப் பற்கள் துளை முழுக்க உழுதுகொண்டு போகும்.

சில மூட்டுகளுக்கு எதிர்ப் பிரச்சினை, பிடிப்பு அதிகம். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். தையல் மெஷின் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். அழுத்தம் தாங்கிக்கொண்டிருக்கும் ஏபிஎஸ்ஸிலும், காரின் ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பயன்படும் பாலிகார்பனேட்டிலும் எண்ணெய் இறங்கினால் மெல்லிய விரிசல்கள் விடும். உள்ளே தெரியும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் கீல் இருக்கும் பொம்மைகளில் இன்னும் கவனம் தேவை. அந்தப் பிளாஸ்டிக் வளையாமல் நேராக உடையும்.

அடுத்து தடைகள். முழங்கால் ஐம்பது அறுபது டிகிரியிலேயே நின்றது. எது தடுக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. தொடையின் பின்பக்கத்தில் வாட்டர் கலரைக் கெட்டியாகத் தடவி, காயும் முன் முழங்காலை மடக்கினேன். பல் அடைத்தபின் மருத்துவர் ஒரு நிறத்தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வாரே, அதே உத்தி. கெண்டைக்கால் பலகையின் உள்விளிம்பில் ஒரு கோடு பதிந்தது. அங்கேதான் இடிக்கிறது. அந்த விளிம்பை மட்டும், அதுவும் உட்பக்கத்திலிருந்து, அரத்தால் சரிவாகத் தேய்த்தேன். துடை, மறுபடி தடவு, மடக்கு, தேய். மூட்டு 90 டிகிரியைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே மாறவில்லை. தேய்க்கும் முன் அந்தச் சுவர் எத்தனை தடிமன் என்று அளந்துகொள்வது அவசியம். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த இடத்தில் இனி கைவைக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. அரம் பிடிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் தூளை மூச்சில் இழுக்க வேண்டாம்.

இதே பரிசோதனையில் இன்னொன்று தெரிந்தது. உருமாற்றத்துக்காக வைத்த சில அசைவுகளை ரோபோ நிலையிலும் பயன்படுத்திக்கொள்ளலாம். தோள் பகுதி காருக்குள் மடங்குவதற்காகக் கொஞ்சம் முன்னால் நகர்கிறது. அதைப் பாதி தூரம் மட்டும் நகர்த்தினால் மார்புக்குக் குறுக்கே கை வருகிறது. பாதம் காரின் பின் பம்பராக மாறுவதற்காகக் கீழ்நோக்கி மடிகிறது. ஓடும்போது பின்னங்கால் நுனியில் ஊன்றி நிற்குமே, அதற்கு வேண்டிய மடிப்பு இதுதான். புதிய மூட்டு வைக்கும் முன் ஏற்கெனவே இருப்பதில் எதைக் கடன் வாங்கலாம் என்று தேடுங்கள். செய்முறைத் தாளில் இதெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது கணுக்கால். இதற்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன்.

காலை 20 டிகிரி வெளியே அகட்டினால் பாதமும் அதே 20 டிகிரி சாய்ந்து உள்விளிம்பில் நிற்கும். தரையில் படிவதற்குப் பாதத்துக்கும் காலுக்கும் நடுவே 20 டிகிரி திரும்பும் அச்சு ஒன்று வேண்டும். அந்த அச்சு குதிகாலிலிருந்து விரல் நுனி நோக்கி நீளவாக்கில் போக வேண்டும். என் பொம்மையில் ஏற்கெனவே இருந்தது குறுக்குவாக்கில் போகும் அச்சு, பாதத்தை மேலும் கீழும் மடிக்க மட்டும் பயன்படுவது. அந்தக் குறுக்கு அச்சைத் தாங்கும் சின்னக் கட்டை ஒன்று பாதத்தின் குழிக்குள் ஒட்டிப் பிறந்திருந்தது. அந்தக் கட்டையைப் பாதத்திலிருந்து அறுத்துப் பிரித்து, நீளவாக்கில் ஓர் அச்சைப் போட்டு மறுபடி சேர்ப்பதுதான் திட்டம்.

நேரே பொம்மையில் அறுக்கவில்லை. மாக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் ரோபோவாக மாறும் விமானங்களை வடிவமைத்த ஷோஜி கவமோரி உருமாற்றங்களை லெகோ கட்டைகளில் செய்து பார்ப்பவர் என்று படித்திருக்கிறேன். என்னிடம் இருந்தது அட்டையும் குண்டூசியும். அட்டையில் காலின் முன்தோற்றத்தை நாலு மடங்கு பெரிதாக வெட்டி, குண்டூசியை அச்சாக வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு விஷயங்கள் உடனே விளங்கின. அச்சு பாதத்தின் அகலத்துக்குச் சரிநடுவில் இருந்தால்தான் சாய்த்தபின்னும் எடை பாதத்துக்குள்ளே விழும். இரண்டாவது, காலை அகட்டும்போது கணுக்காலில் உட்பக்கம்தான் இடிக்கும், வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். ஆகவே சரிவாகத் தேய்க்க வேண்டியது உட்பக்கத்தை மட்டும். வெளிப்பக்கத்தைத் தொடாமல் விட்டால் அதுவே தடுப்பாக நின்று, பாதம் எதிர்த்திசையில் பிரண்டுபோகாமல் காக்கும்.

ஆனால் பாதத்தின் உள்விளிம்பில்தான் அந்த முளை இருக்கிறது. காராகும்போது இரண்டு பாதங்களும் அந்த முளையால்தான் ஒன்றோடொன்று பூட்டிப் பம்பராகின்றன. அங்கே தேய்க்க முடியாது. அதனால் பாதத்தை விட்டுவிட்டுக் காலின் அடிப்பக்கத்தில் உள்விளிம்பைச் சரித்தேன். வேலை அதேதான், தேய்க்கும் துண்டு மட்டும் மாறியது. உருமாறும் பொம்மையில் இந்த மாதிரி முடிச்சுகளை அவிழ்ப்பதில்தான் எனக்கு ருசி. சாதாரண பொம்மையில் எங்கே வேண்டுமானாலும் மூட்டு வைக்கலாம், இங்கே கார் சம்மதிக்க வேண்டும்.

சாமான்களுக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. பின் வைஸ் என்னும் கையால் திருகும் துளைப்பானும் மெல்லிய ரம்பமும் நகைப் பட்டறைக்குக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. சர்க்யூட் போர்டு துளையிடும் பிட்டுகளும் 2 மில்லி ஸ்க்ரூக்களும் ரிச்சி தெருவில் வாங்கினேன். கடைக்காரர் “என்ன ரிப்பேர் தம்பி?” என்றார். “ரிப்பேர் இல்லண்ணே, பொம்மைக்குக் கணுக்கால் வைக்கணும்” என்றேன். ஸ்க்ரூவை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்போ இது அசைஞ்சுக்கிட்டே இருக்குமே. ஸ்பிரிங் வாஷரையும் எடுத்துக்கோ, இல்லன்னா நட்டு தானா கழண்டுரும்” என்று ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். நான் பித்தளைக் கம்பியை அச்சாகப் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டபின் ஸ்க்ரூவும் நட்டும்தான் சரி என்று பட்டது. கம்பி தேய்ந்தால் மறுபடி பிரிக்க வேண்டும். ஸ்க்ரூ என்றால் தளரும்போது ஒரு திருகு திருகினால் போதும்.

முதலில் உடைந்துபோன வேறொரு மலிவுப் பொம்மையின் பாதத்தில் முழு வேலையையும் செய்து பார்த்தேன். இதை எல்லோருக்கும் கட்டாயமாகச் சொல்வேன். தெருவோரக் கடையில் வாங்கிய பொம்மை, குழந்தைகள் உடைத்துப் போட்டது எதுவாக இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். பழகுவதற்கும் ஆகும், உள்ளே இருக்கும் மூட்டுகள் உதிரிபாகங்களாகவும் ஆகும்.

துளையிடுவதில் மோட்டார் வேண்டாம். வேகமாகச் சுழலும் பிட்டின் சூட்டில் ஏபிஎஸ் உருகி, துளை கோணலாகிவிடும். ஊசி முனையால் நடுவைக் குறித்து, 1 மில்லி பிட்டால் கையாலேயே துளைத்து, 1.5 மில்லிக்கும் பிறகு 2 மில்லிக்கும் படிப்படியாக அகலப்படுத்தினேன். முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி என்று துளைத்தால் நடுவில் சந்திக்கும்போது கோணல் இருந்தாலும் மிகச் சிறியதாக இருக்கும். நட்டு உட்கார ஆறுகோணக் குழி ஒன்றைக் கத்தி முனையால் பாதத்தின் முன்பக்கத்தில், உள்ளே மறைவாகச் செதுக்கினேன். ஸ்க்ரூவின் தலை குதிகால் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி விட்டேன். மூடினால் பார்க்க அழகு, முறுக்க வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. மூட்டுத் துண்டுகள் சில நேரம் பிஓஎம் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருக்கும். வழவழப்பாக, கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அது நன்றாக உழைக்கும், ஆனால் அதில் பசையும் ஒட்டாது, பெயின்டும் நிற்காது. அறுக்கும் முன் ஒரு மூலையில் துளி பசை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ, ஊசி மாதிரி இறுக்கிப் பிடிக்கும் வழிகளையே நம்ப வேண்டும்.

இரண்டு பாதமும் முடிந்து, காலை அகட்டி மேசையில் வைத்தபோது இரண்டு உள்ளங்காலும் அப்படியே தரையில் படிந்தன. கைகளை எந்தப் பக்கம் நீட்டினாலும் பொம்மை அசையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், “மாமா, இன்னும் கார் ஆகுமா?” என்றான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அவன் கையிலேயே கொடுத்தேன். பாதங்களை நேராக்கி, கீழே மடக்கி, முளையை அழுத்தினான். பம்பர் பழைய மாதிரியே பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன்.

இடுப்பு, வேலையில் சின்னது, துணிச்சலில் பெரியது. மார்பும் இடுப்பும் ஒரே வார்ப்பு. பெல்ட் மாதிரி வரைந்திருந்த கோட்டை ஒட்டி மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். அந்தக் கோட்டில் அறுத்தால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. ரம்பம் தின்ற இடைவெளியைச் சரிக்கட்ட மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி நடுவில் வைத்து, கீழிருந்து மேலாக 3 மில்லி ஸ்க்ரூவையும் ஸ்பிரிங் வாஷரையும் போட்டேன். 30 டிகிரி திரும்பினால் போதும். ஓடுகிற உடலில் இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் மார்பு எதிர்ப்பக்கம் திரும்பும், அது இல்லாமல் எந்த ஓட்டமும் ஓட்டமாகத் தெரியாது. காராகும்போது என்ன ஆகும் என்ற கவலைக்கு இந்தப் பொம்மையிலேயே விடை இருந்தது. முதுகுப் பலகை இடுப்பைத் தாண்டிக் கீழே வந்து கால்களில் பூட்டுவதால் இடுப்பு தானாகவே நேராகிவிடுகிறது. உங்கள் பொம்மையில் அப்படிக் குறுக்கே பூட்டும் பலகை எதுவும் இல்லையென்றால் இடுப்பை அறுக்காதீர்கள். கார் நடுவில் தொய்ந்துவிடும்.

தலைக்கு நான் செய்ததை யாரும் எளிதாகச் செய்யலாம். ஓடுகிறவன் உடம்பு முன்னால் சாய்கிறது. தலை நிமிராவிட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு ஓடுவான். கழுத்து முளையின் மேல்பகுதியை அறுத்துவிட்டு, அங்கே சைக்கிள் முன்சக்கரத்தின் பேரிங் குண்டு ஒன்றைப் பசையால் பதித்தேன். தலையின் அடியில் குழி செய்து 4 மில்லி வட்டக் காந்தத்தை ஒட்டினேன். காந்தம் குண்டைப் பிடித்துக்கொள்ளும், தலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும், நிமிரும். தலை எடை குறைவு என்பதால் இந்தப் பிடிப்பே தாராளம். நியோடிமியம் காந்தம் சூட்டில் வலுவிழக்கும், அதனால் சூடான பசைத் துப்பாக்கி வேண்டாம், எப்பாக்ஸி போதும். முக்கியமானது, காந்தம் வைத்த பொம்மை சின்னக் குழந்தைகள் கைக்குப் போகவே கூடாது. இப்படிப்பட்ட காந்தங்கள் இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் காந்தத்தை விட்டுவிட்டு உதிரிப் பொம்மையின் பந்துக்கிண்ண மூட்டையே பொருத்துங்கள்.

மூட்டுகள் எல்லாம் இருந்தும் பொம்மை பின்னால் சாய்ந்து விழுந்தால் காரணம் முதுகில் இருக்கிறது. காரின் கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் ரோபோவின் முதுகில்தான் மூட்டையாகச் சேரும். எடைமையம் குதிகாலுக்குப் பின்னால் போய்விடுகிறது. இதற்கு இரண்டு வைத்தியம். குதிகாலை எம்-சீலால் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நீட்டலாம், பாதம் காருக்குள் மடங்க இடமிருந்தால். அல்லது பாதத்தின் உட்குழியில் இரும்பு நட்டுகளை ஒட்டி அடிப்பாகத்தைக் கனமாக்கலாம். எனக்கு இரண்டாவது பொருந்தியது. ஈயக்குண்டு இன்னும் கனமானதுதான், ஆனால் கையில் அடிக்கடி எடுக்கும் பொருளில் ஈயம் வேண்டாம்.

பெயின்ட் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. உரசும் பரப்புகளில் பெயின்ட் படக்கூடாது, பட்டால் மூட்டு இறுகி, பிறகு உரிந்து அசிங்கமாகும். அறுத்த விளிம்புகளுக்கு மட்டும் மெல்லிய பூச்சு கொடுத்தேன். 3டி பிரின்டரில் கணுக்காலை அச்சடித்து வாங்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாங்கலாம். ரெசினில் அச்சடித்தால் அழகாக வரும், ஆனால் மெல்லிய அச்சுகளும் கொக்கிகளும் அதில் சட்டென்று முறியும். எடை தாங்கும் மூட்டுக்கு நைலானில் அச்சடித்ததைத் தேர்ந்தெடுப்பேன்.

ஓடும் நிலையை அமைக்கும்போது கீழிருந்து மேலே போங்கள். முன்காலைத் தொடையிலிருந்து முன்னுக்குத் தூக்கி முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையில் முழுதாகப் படியவைத்தபின் கையை எடுத்துப் பாருங்கள். பின்னங்காலைப் பின்னுக்குத் தள்ளி, பாதத்தைக் கீழே மடித்து நுனியில் ஊன்றுங்கள். உடம்பை முன்காலின் மேல் வரும்வரை சாய்த்து, இடுப்பைத் திருப்பி, முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையை முன்னே கொண்டுவாருங்கள். தலை கடைசியில். பெரும்பாலோர் கையில் ஆரம்பித்துக் காலுக்கு வருவார்கள், அதனால்தான் ஒவ்வொரு முறையும் விழுகிறது. இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பிய பாய்ச்சல் வேண்டுமென்றால் எந்த மூட்டாலும் அது முடியாது. இடுப்பின் அடியில் 3 மில்லி துளை ஒன்று போட்டால் பிளாஸ்டிக் மாடல்களுக்கு விற்கும் தாங்கிகளின் முளை அதில் பொருந்தும்.

இந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து ஒரே பக்கம் அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். பந்தைப் பிடிக்கும் கிண்ணம் விரிந்து, ஆரம்பத்தில் சரிசெய்த தளர்ச்சி திரும்ப வந்துவிடும். சில வாரங்கள் ஓடவிட்டுப் பிறகு காராக மாற்றி வைக்கிறேன். அப்போது கணுக்கால் ஸ்க்ரூக்களை கால்வாசித் திருகு முறுக்கிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அடுத்ததாக மணிக்கட்டில் கைவைக்க நினைக்கிறேன். முஷ்டி காருக்குள் மடிகிற இடத்தில் ஒன்றரை மில்லி இடைவெளிதான் இருக்கிறது, அதற்குள் அடங்கும் மூட்டை உதிரிகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.